கம்பிச் சத்தம்

தம்பி குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா. தரை நனைஞ்சா தொடைச்சுக்கலாம்" என்றாள் பேஸக்கா.

அவளுக்கு அந்தப் பெயர் வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. ஓட்டல் மாடி ஹாலில் வார இறுதிகளில் வாசிக்கும் நாலு பேர் குழுவில் அவள் பேஸ் கிட்டார். தம்பி டிரம்ஸ். பாட்டுப் பாடுகிறவளும் கீபோர்டு வாசிக்கிறவரும் தம்பியைப் பார்த்து அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு ஓட்டல் மேனேஜர், சமையல்கட்டு ஆட்கள், கடைசியில் தெருவே. அவளைவிட ஆறு வயசு மூத்த தபால்காரர்கூட "பேஸக்கா, கடுதாசி" என்றுதான் குரல் கொடுப்பார்.

தம்பி உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அவள் வைத்த டீயைக் கையில் வாங்கி, குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாம்பிள் எடுத்தாங்கல்ல, ஸ்டுடியோவுல. அந்த ரெக்கார்டிங்காரர் போன் பண்ணார்."

"என்னவாம்?"

"எல்லாம் நல்லாருக்காம். உன் கிட்டார்ல மட்டும் ஏதோ சத்தம் வருதாம்."

"கிட்டார்ல சத்தம் வராம பின்ன என்ன வரும்?"

"விளையாடாதக்கா. கம்பிச் சத்தம். எலி பிராண்டற மாதிரி கிரீச்சுனு ஒண்ணு. அப்புறம் டிர்ர்ருனு ஒண்ணு. ஹால்ல தட்டு, டம்ளர் சத்தத்துல அமுங்கிப்போயிடும். அங்க மைக்குல அப்படியே புடிச்சிருக்கு."

"உனக்குக் கேட்டுச்சா?"

அவன் டீயைப் பார்த்தான். "போட்டுக் காட்டினார். கேட்டுச்சு."

வானொலிக்காரர்கள் அந்தக் குழுவின் எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் தள்ளி ஒரு சனிக்கிழமை. இத்தனை வருஷம் அவர்கள் வாசித்ததெல்லாம் சாப்பாட்டோடு சாப்பாடாக அன்றன்றைக்கே தீர்ந்துபோனது. நிற்கப்போகிற முதல் வாசிப்பு இதுதான். பேஸக்கா அதற்காக முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். வானொலியில் முடி தெரியாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"மழைடா" என்றாள். "ஈரத்துக்கு மரம் அசையும். கழுத்து வளைஞ்சிருக்கும். நான் பாத்துக்கறேன்."

தம்பி போன பிறகு கிட்டாரைக் கட்டிலில் கிடத்தி வேலையை ஆரம்பித்தாள். முதலில் பழைய கம்பிகள் நாலையும் கழற்றிப் புதுசு மாட்டினாள். பிறகு ஒவ்வொரு கம்பியையும் கழுத்தின் இரண்டு முனையிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் கம்பிக்கும், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைக்கும் எவ்வளவு இடைவெளி என்று ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தாள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை ஆலன் கீ என்ற வளைந்த திருகியால் கால் சுற்று தளர்த்தினாள். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில் அவற்றை ஒரு நூல் உயர்த்தினாள். ஒலியைப் பெருக்கும் ஆம்பின் வயரை மாற்றினாள். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

மதியம் அவள் கணவர் வந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ரொட்டிக் கடையில் அடுப்பு அவர் பொறுப்பு. விடியும் முன்னே போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். புருவத்தில், காது மடலில், சட்டைப் பையின் ஓரத்தில் எல்லாம் மாவு. தெருவில் அவரை ரொட்டிக்காரர் என்பார்கள். அதிகம் பேசாதவர். அடுப்பு முன்னால் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பார், அதையும் கேட்டால்தான் சொல்வார்.

"இங்க வாங்க. இதக் கேட்டுச் சொல்லுங்க" என்று ஒரு பாட்டின் அடிநாதத்தை வாசித்துக் காட்டினாள். "சத்தம் ஏதும் வருதா?"

ரொட்டிக்காரர் கை கழுவிக்கொண்டே கேட்டார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"பரவால்ல" என்றார்.

"பரவால்லன்னா? வருதா, இல்லியா?"

"முன்னுக்கு இப்ப பரவால்ல."

அடுத்த நாலு நாளும் இதே நடந்தது. அவள் ஏதாவது ஒரு திருகைத் திருகுவாள். அவர் பரவாயில்லை என்பார். வெள்ளிக்கிழமை ஹாலில் ஒரு கம்பெனி விருந்துக்கு வாசித்துவிட்டு இறங்கும்போது கீபோர்டுக்காரர் சொன்னார். "அக்கா, உங்க கிட்டார ஒரு தடவ ரிப்பேர்காரர்ட்ட காட்டிடுங்களேன். இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே வந்துச்சு."

"ஆமா, நானும் கவனிச்சேன்" என்றாள் பேஸக்கா. அவள் கவனிக்கவில்லை. ஆனால் மூன்று பேர் கேட்டதைத் தனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை ரொட்டிக் கடைக்கு விடுமுறை. இருவரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். ரிப்பேர்காரரின் கடை ஒரு மருந்துக் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில், ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலத்தில் இருந்தது. சுவர் முழுக்கக் கழுத்து இல்லாத கிட்டார்கள், உடம்பு இல்லாத கழுத்துகள். மேஜையில் பழைய கம்பளம் விரித்திருந்தது. பசை வாசனை.

"வாங்கக்கா. வாங்கண்ணே. குடும்பமா வந்திருக்கீங்க, என்ன விசேஷம்?" என்றார் ரிப்பேர்காரர். "உங்க வீட்டுல ரெண்டு பேருக்குமே பிரெட்டுதான் பொழப்பு. ஒருத்தர் சுடறாரு, ஒருத்தர் அமுக்கறீங்க."

ரொட்டிக்காரர் மரியாதைக்குச் சிரித்தார். இந்த நகைச்சுவை அவருக்குப் பழசு.

"சத்தம் வருது" என்றாள் பேஸக்கா. "எலி பிராண்டற மாதிரி ஒண்ணு, டிர்ர்ருனு ஒண்ணு."

"எந்தக் கம்பியில?"

அவள் ஒரு கணம் தடுமாறினாள். "எல்லாத்துலயும்தான்."

ரிப்பேர்காரர் கிட்டாரைக் கம்பளத்தில் கிடத்தி, கண்ணை ஒட்டிவைத்துக் கழுத்தின் நீளத்தைப் பார்த்தார். இரும்பு அடிக்கோலை வைத்து ஃப்ரெட்டுகள் மட்டமா என்று சோதித்தார். ஒவ்வொன்றாக விரல் நகத்தால் தட்டினார். பிறகு ஆம்பில் மாட்டித் தானே வாசித்தார். சுத்தமாக இருந்தது. தலையைச் சாய்த்து இன்னொரு தடவை வாசித்தார்.

"நீங்க வாசிங்கக்கா."

அவள் வாசித்தாள். அவர் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் இடது கை, பிறகு வலது கை, பிறகு முகம். கடைசியில் ஒரு நொடி ரொட்டிக்காரரையும் பார்த்தார். ரொட்டிக்காரர் சுவரில் தொங்கிய கழுத்துகளை எண்ணுவது போல நின்றிருந்தார்.

"சரி, குடுங்க" என்று வாங்கி, ஆலன் கீயைக் கழுத்தின் துவாரத்தில் வைத்துத் திருகினார். "இப்ப வாசிச்சுப் பாருங்க."

வாசித்தாள்.

"எப்படி இருக்கு?"

"கொறைஞ்சிருக்கு."

மறுபடி வாங்கித் திருகினார். "இப்ப?"

அவள் பாட்டு முழுவதையும் வாசித்தாள். முகம் மலர்ந்தது. "ஆங்! இப்ப சுத்தமாப் போயிடுச்சு. நாலு நாளா நானும் மல்லுக்கு நின்னேன், ரெண்டு திருகுல சரி பண்ணிட்டீங்களே."

ரிப்பேர்காரர் ஆலன் கீயைக் கம்பளத்தில் வைத்தார். வெளியே பூட்டுக் கடையில் சாவி ராவிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நான் எதையும் திருகல" என்றார். "கீயைச் சும்மா வெச்சு கையை மட்டும்தான் திருப்பினேன். சத்தம் முன்ன மாதிரியேதான் இருக்கு. கிட்டார்ல ஒரு கொறையும் இல்ல. மன்னிச்சுக்கங்க, வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க ஒரு தடவ காதக் காட்டிடுங்க."

அவள் அவரைப் பார்க்கவில்லை. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படாத ஒரு முகத்தை அவள் அங்கே கண்டாள்.

பஸ்ஸில் கிட்டார் இருவருக்கும் நடுவில் ஒரு ஆளைப் போல உட்கார்ந்து வந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

ரொட்டிக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்படியே நின்றார்.

"போன மழைக்கு."

"ஒரு வருஷம்."

"கெட்டில் விசிலடிச்சும் நீ எழுந்து போகல. பக்கத்து ரூம்லதான் இருந்த. ஏதோ யோசனைன்னு நெனச்சேன். மறுநாளும் போகல."

"அதான் தெனம் நீங்களே டீ போட ஆரம்பிச்சீங்களா?"

"ம்."

"நான் என்னமோ புருஷனுக்கு இப்பதான் பொண்டாட்டி மேல ஆசை வந்திருக்குன்னு எதிர்வீட்டுல சொல்லிட்டு இருந்தேன்." குரல் உயரவில்லை. "நான் ஹால்ல முன்னூறு பேருக்கு முன்னால எலி மாதிரி பிராண்டிட்டு இருந்திருக்கேன். நீங்க பரவால்ல, பரவால்லன்னு சொல்லிட்டு இருந்திருக்கீங்க."

"சொன்னா நீ வாசிக்கிறத விட்டுடுவியோன்னு பயந்தேன்."

"விடறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்? நீங்க யாரு?"

அவர் கழற்றிய பொத்தானை மறுபடி மாட்டினார்.

மூன்று நாள் அவள் அவரோடு பேசவில்லை. சூப் செய்து மேஜையில் வைப்பாள், தட்டை அவர் பக்கம் நகர்த்துவாள், அவ்வளவுதான். அவர் கடையிலிருந்து கொண்டுவந்த ரொட்டி தொடப்படாமல் காய்ந்தது. கெட்டிலை இப்போது அவளே வைத்தாள். வைத்துவிட்டு, ஆவி எழும்வரை அதன் முன்னாலேயே நின்றாள்.

நாலாம் நாள் காது பரிசோதனைக்குத் தனியாகப் போனாள். கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை, அலமாரியைப் போல. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சத்தம் கேட்டா அமுக்குங்கம்மா, எவ்வளவு மெல்லிசா இருந்தாலும்" என்றாள் அங்கே இருந்த பெண். தாழ்ந்த சத்தங்கள் வந்தன. பேஸக்கா சட்சட்டென்று அழுத்தினாள். அது அவளுடைய ஊர், அவளுடைய தெரு. பிறகு கொஞ்சம் உயர்ந்தவை. அழுத்தினாள். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. இடைவேளை போலிருக்கிறது என்று காத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் விரல் ஒரு திருகைத் திருகி, ஒரு விசையைத் தட்டி, மறுபடி திருகிக்கொண்டே இருந்தது. சத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன என்று பேஸக்காவுக்கு அப்போது புரிந்தது. பட்டனின் மேல் கட்டைவிரலை வைத்தபடி, அந்தப் பெண்ணின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டும்போது தானும் அழுத்திவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. அழுத்தவில்லை.

டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். கோடு பாதிவரை சமதரையாகப் போய் பிறகு சரிந்து விழுந்தது.

"தாழ்ந்த ஓசையெல்லாம் நல்லாக் கேக்குது. மேல போகப் போக இல்ல. ரெண்டு காதுலயும் இருக்கு, இடது காதுல ரொம்ப அதிகம். நீங்க வாசிக்கும்போது இடது பக்கம் என்னம்மா இருக்கும்?"

"என் தம்பி" என்றாள்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார்.

"டிரம்ஸ் வாசிக்கிறான். அவனோட சிம்பல் தட்டு ரெண்டும் என் காதுக்கு நேரா இருக்கும். தாளம் பிசகாம இருக்க ஒட்டியே நிப்பேன்."

போனது திரும்பாது என்றார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள வாசிக்கும்போது காதில் அடைப்பான் போடச் சொன்னார். பேச்சு கேட்கச் சிரமமாக இருந்தால் கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார். அவள் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வீட்டில் தம்பி உட்கார்ந்திருந்தான். ரொட்டிக்காரர் சமையலறை வாசலில் நின்றிருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?" என்றான் தம்பி.

"வயசாயிடுச்சாம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? மருந்து?"

"மருந்தெல்லாம் இல்ல. வயசுக்கு என்ன மருந்து?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது கணவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு தாளை எடுத்துப் பிரித்து மேஜையில் வைத்தாள்.

"வயசு இல்லடா. சிம்பல். இடது காது ரொம்பப் போயிடுச்சு, வலது கொஞ்சம் பரவால்ல. மேல் ஓசை எதுவும் எனக்குக் கேக்கல. கிரீச்சுங்கறதெல்லாம் நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

தம்பி தாளையே பார்த்தான். சரிவின் மேல் விரலை வைத்துக் கீழேவரை இழுத்தான். இருபத்தெட்டு வருஷமாக எல்லாவற்றையும் வேகமாகத் தட்டிய கை அது.

"என்னைத் திட்டேன்க்கா" என்றான் கடைசியில்.

"திட்டினா காது வந்துருமா? நான்தான ஒட்டி நின்னேன். நீயா புடிச்சு நிக்கவெச்ச?" அவள் தாளை மடித்தாள். "வேற பேஸ் ஆளுக்குச் சொல்லி வெச்சிருக்கியா?"

அவன் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"சொல்லுடா."

"ஸ்கூல்ல பாட்டு வாத்தியாரா இருக்கார்ல, அவரைக் கேட்டு வெச்சிருக்கேன். கடைசி நேரத்துல முடியாம போனா என்ன பண்றதுன்னு..."

"நல்லதுதான் பண்ணிருக்க. அவர அப்படியே வெச்சிரு. பதிவுக்கு ரெண்டு நாள் முன்னால வந்து என் வாசிப்பக் கேளு. சத்தம் வந்தா அவரையே கூப்பிட்டுக்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தம்பி போனதும் கணவரிடம் திரும்பினாள். மூன்று நாளைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இங்க வந்து உக்காருங்க. சத்தம் வந்தா கையத் தூக்கணும். பரவால்லங்கற வார்த்தை இனிமே இந்த வீட்டுல கூடாது."

ரிப்பேர்காரர் போனில் வழி சொன்னார். வாசிக்காத கம்பிகள் தானாக அதிர்வதை அவள் கை இத்தனை வருஷம் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காது கேட்டுச் சொல்லும், கை செய்யும், அவளுக்கே தெரியாது. காது சொல்வதை நிறுத்தியதும் கையும் மெல்ல மறந்துவிட்டது. "இனிமே கைக்கு நேராச் சொல்லிக்குடுங்க" என்றார். வழவழப்பாகச் சுற்றிய கம்பிகள் நாலைத் தம்பி கையில் கொடுத்தனுப்பினார். அவற்றில் விரல் உரசும் சத்தம் குறைவு. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டிச் செருகச் சொன்னார். மீதியைக் கைதான் பார்க்க வேண்டும். வலது கட்டைவிரல், கம்பிக்கு அடியில் ஒலியை வாங்கும் பிக்கப்பின் மேல் சும்மா படுத்திருக்கக்கூடாது. மெல்லிய கம்பிக்குப் போகும்போது தடித்த கம்பியின் மேல் சாய்ந்து அதை அமுக்க வேண்டும். இடது கையில் வேலையில்லாத விரல்கள் மற்றக் கம்பிகளின் மேல் இலேசாகப் படிந்திருக்க வேண்டும். இடம் மாறும்போது விரலை இழுக்காமல் எடுத்து வைக்க வேண்டும். ஃப்ரெட்டை ஒட்டி அழுத்த வேண்டும்.

முதல் நாள் ஒரே பாட்டில் ரொட்டிக்காரர் முப்பத்தொரு தடவை கை தூக்கினார். எண்ணியது அவள்தான். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, "எது? பிராண்டலா, டிர்ர்ரா?" என்று கேட்பாள். "பிராண்டல்." திரும்ப வாசிப்பாள். அவருக்குக் கை வலித்தது. மறுநாளிலிருந்து மேஜையில் மாவைப் பிசைந்துகொண்டே கேட்டார். சத்தம் வந்தால் மாவுக் கை மேலே எழும். இரண்டாம் நாள் இருபத்து நாலு. மூன்றாம் நாள் கட்டைவிரல் கன்றிப்போய் மறுபடி முப்பது. அவள் கிட்டாரைக் கட்டிலில் போட்டுவிட்டு ஜன்னலருகே போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து எடுத்தாள்.

ஒரு வாரம் போன பிறகு ஒரு மதியம், முதல் பாட்டை வாசித்தாள். கை எழவில்லை. இரண்டாவது பாட்டு. எழவில்லை. நிறுத்தாமல் மூன்றாவதையும் வாசித்து முடித்துவிட்டுத் திரும்பினாள். ரொட்டிக்காரர் மாவில் இரண்டு கைகளையும் புதைத்தபடி, தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"யோவ்!" என்றாள்.

அவர் திடுக்கிட்டு விழித்து இரண்டு கைகளையும் தூக்கினார். கையோடு மாவும் வந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள். அவர் எதற்கென்று தெரியாமலே தானும் சிரித்தார்.

"எப்பலேர்ந்து தூங்கறீங்க?"

"தெரியல. நல்லா இருந்துச்சு, அப்படியே கண்ணு சொக்கிடுச்சு."

"நல்லா இருந்துச்சா, தூக்கமா?"

"ரெண்டும்தான்" என்றார். யோசித்துவிட்டு, "முதல் பாட்டு முழுசாக் கேட்டேன். ஒரே ஒரு எடத்துல வந்துச்சு. சின்னதா. கை மாவுல மாட்டிக்கிச்சு" என்றார்.

"அது போதும்" என்றாள். அன்றைக்கு அவர் கொண்டுவந்த ரொட்டியை வெட்டி, வெண்ணெய் தடவி, இருவரும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை தம்பி வந்து கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் பாட்டையும் கேட்டான். எட்டில் ஐந்து சுத்தம். மூன்றில் அங்கங்கே இருந்தது. கண்ணைத் திறந்தபோது அவன் முகத்தில் பொய் சொல்லத் தயாராகிற தோற்றம் தெரிந்தது.

"எண்ணிச் சொல்லு" என்றாள் அவள்.

"ஆறு எடம்."

"வாத்தியாரக் கூப்பிடறியா?"

"வேணாம்க்கா. ஆறு எடம்தான. அங்க திரும்ப வாசிச்சுக்கலாம்" என்றான். அதோடு விட்டிருக்கலாம். "இத இரக்கப்பட்டுச் சொல்லல" என்று சேர்த்தான்.

"இரக்கப்பட்டாலும் வருவேன்" என்றாள்.

சனிக்கிழமை ஸ்டுடியோவில் அவளும் தம்பியும் சுவரில் பஞ்சு ஒட்டிய ஒரே அறையில் இருந்தார்கள்; மற்ற இருவரும் பக்கத்து அறையில். தம்பி தானாகவே டிரம்ஸை அறையின் மறுகோடிக்கு நகர்த்தி, நடுவில் ஒரு தடுப்பையும் இழுத்து வைத்திருந்தான். அவள் காதில் அடைப்பானும் அதன் மேல் ஹெட்போனும் போட்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங்காரர். அவர் பின்னால் பெஞ்சில், கடையில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்த ரொட்டிக்காரர், மாவு இல்லாத சட்டையில் வேறு யாரோ போல உட்கார்ந்திருந்தார்.

முதல் பாட்டு முடிந்தது. ரெக்கார்டிங்காரர் பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். முகம் கொஞ்சம் சுருங்கியது. பேசும் பட்டனை அழுத்தி, அவளைத் தாண்டித் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"சார், ரெண்டாவது சரணத்துல அந்த பேஸ்... அக்காகிட்ட நீங்க கொஞ்சம் பேசிடறீங்களா?"

தம்பி குச்சிகளை மடியில் வைத்துவிட்டு எழப்போனான். பேஸக்கா கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னாள். தன் முன்னால் இருந்த மைக்கை வாய்க்கு நேராக இழுத்தாள்.

"அவன்கிட்ட சொல்லாதீங்க, என்கிட்ட சொல்லுங்க" என்றாள். "அந்தச் சத்தம் எனக்குக் கேக்காது. காது போயிடுச்சு. எந்த எடம்னு சொன்னீங்கன்னா கை சரி பண்ணிக்கும். எத்தன தடவ வேணாலும் சொல்லுங்க, எனக்குக் கோவம் வராது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங்காரர் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பினார்.

"ரெண்டாவது சரணம், மூணாவது வரிக்கா. கீழேர்ந்து மேல போறீங்கல்ல, அங்க ஒரு உரசல்."

"பிராண்டலா, டிர்ர்ரா?"

"என்னது?"

"இழுக்கற மாதிரி இருக்கா, அதிர்ற மாதிரி இருக்கா?"

அவர் திரும்பப் போட்டுக் கேட்டார். "இழுக்கற மாதிரி."

"சரி. விரல எடுக்காம போயிருக்கேன்" என்றாள் பேஸக்கா. "மூணாவது வரியிலேர்ந்து போடுங்க."